கஷாயம் கொப்புளிச்சு ஈறுல ரத்தம் நின்னுடுச்சு, ஆனா வீக்கம் மட்டும் அப்படியே இருக்கு. ஏன்?

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க. எனக்கு வயசு 34. ரெண்டு மாசமா பல்லு தேய்ச்சு துப்புனா ரோஸ் கலர்ல வருது. கீழ முன்பல்லோட உள்பக்கம், அப்புறம் வலது பக்கம் மேல கடவாப்பல்லுகிட்ட, இந்த ரெண்டு எடத்துல ஈறு சிவந்து உப்பிப்போய் இருக்கு. வலின்னு பெருசா ஒண்ணும் இல்ல, அதனாலதான் இவ்ளோ நாள் இழுத்துட்டேன்.

மவுத்வாஷ் ஒண்ணு வாங்கிப் பார்த்தேன், எரிச்சல் தாங்கல, ரெண்டே நாள்ல ஓரம் கட்டிட்டேன். அப்புறம்தான் மூலிகைப் பக்கம் வந்தேன். திரிபலா சூரணம் ஒரு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணில போட்டு பாதியா சுண்டக் காய்ச்சி வடிகட்டி, காலைல ஒருவாட்டி ராத்திரி ஒருவாட்டி கொப்புளிக்கிறேன், மூணு வாரம் ஆச்சு. முதல் வாரத்துலயே ரத்தம் குறைஞ்சு இப்போ சுத்தமா நின்னுடுச்சு, நானும் ஆஹா ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். ஆனா கண்ணாடில பார்த்தா உப்பல் அப்படியேதான் இருக்கு, காலைல எழுந்தா வாய் நாத்தம் வேற, அது முன்னைவிட அதிகம்னுதான் தோணுது.

ஒளிக்காம ஒண்ணு சொல்லிடுறேன். ரத்தம் வருதேன்னு பயந்து அந்த ரெண்டு எடத்துல மட்டும் ப்ரஷ அழுத்தி வைக்கிறதில்ல, மேலாக்க ஒரு தடவு தடவிட்டு விட்டுடுவேன், மிச்சத்த கஷாயம் பாத்துக்கும்னு.

இப்போ நான் வேற மூலிகைக்கு மாறணுமா, வேப்பிலையா கிராம்பா எது நல்லது, இதெல்லாம் எத்தனை நாள் பண்ணலாம்? டாக்டர்கிட்ட போனா க்ளீனிங் பண்ணச் சொல்லுவாங்க, க்ளீனிங் பண்ணா பல்லு ஆடும்னு தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையா?

மூலிகைப்பித்தன்:
நண்பா சரியான ரூட்லதான் போறீங்க, பாதில விட்டுடாதீங்க. மூணு வாரம்லாம் ஒரு கணக்கே இல்ல, மூலிகை மெதுவாத்தான் வேலை செய்யும். திரிபலாவோட மாசிக்காய் பொடி ஒரு சிட்டிகை சேருங்க, துவர்ப்பு தூக்கலா இருக்கும், ஈறு கெட்டிப்படும். கொய்யா இலைய கொதிக்க வச்சும் கொப்புளிக்கலாம், நான் வருஷக்கணக்கா பண்றேன். வீக்கம் இருக்கிற எடத்துல கிராம்பு எண்ணெய பஞ்சுல தொட்டு ராத்திரி வச்சுட்டுப் படுங்க, காலைல பாதி வத்திடும். கெமிக்கல் மவுத்வாஷ் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

சூடுகண்டபூனை:
மேல இருக்கிற கிராம்பு எண்ணெய் ஐடியாவ தயவுசெஞ்சு யாரும் அப்படியே பண்ணிடாதீங்க!! நான் பண்ணேன். எதுவும் கலக்காம பஞ்சுல நல்லா தோய்ச்சு கடவாப்பல்லு ஓரத்துல செருகிட்டுத் தூங்கிட்டேன், முதல்ல சுறுசுறுன்னு இருந்துச்சு அப்புறம் மரத்துப்போச்சு, மரத்துப்போனதால என்ன நடக்குதுன்னே தெரியல. காலைல பார்த்தா ஈறும் கன்னத்து உள்பக்கமும் வெள்ளையா வெந்துபோய் தோல் உரியுது. ஒரு வாரம் ஒரு பக்கமாத்தான் சாப்பிட்டேன். அதுல இருக்கிற யூஜினால் மரக்கவும் வைக்கும், செறிவா இருந்தா தசையச் சுடவும் செய்யும்னு அப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. கிராம்ப கொதிக்க வச்ச தண்ணி வேற, எண்ணெய் வேற. எண்ணெய்ன்னா சொட்டுக்கணக்கு, அதையும் வேற எண்ணெய்ல கலந்துதான், வீட்ல சின்னப் பசங்க இருந்தா கைக்கே எட்டக்கூடாது.

பல்லுக்காரி:
ஈறு சிகிச்சைதான் என் தொழில். அதனால கொஞ்சம் நீளமா போகும், காபி எடுத்துட்டு உக்காருங்க.

அரைத்தூக்கம், உங்க பதிவுல பதிலும் நீங்களே எழுதிட்டீங்க, கவனிச்சீங்களா? "ரத்தம் நின்னுடுச்சு"ன்னு சொல்றீங்க, அடுத்த பாராவுலயே "அந்த எடத்துல ப்ரஷ் வைக்கிறதில்ல"ன்னும் சொல்றீங்க. தொடாத ஈறு எப்படி ரத்தம் விடும்? ஈறு வீங்கியிருக்கும்போது உள்பக்கத் தோல் மெல்லிசாகி ரத்தக்குழாய்லாம் விரிஞ்சு நிக்கும், ஏதாவது பட்டாத்தான் கசியும். நீங்க படவே விடல. கூடவே திரிபலால டானின் நிறைய, துவர்ப்புன்னு நாக்குல தெரியுதே அதுதான். அது மேல்பரப்புல இருக்கிற புரதத்த இறுக வச்சு ஈற கொஞ்சம் சுருக்கும், கசிவையும் குறைக்கும். ஆக அலாரம் அடிக்கிறது நின்னுபோச்சு, தீ எரிஞ்சுட்டுதான் இருக்கு. வாய் நாத்தம் ஏறினதே அதுக்கு சாட்சி.

எரியறது என்னன்னா, பல்லும் ஈறும் சேர்ற விளிம்புல உக்காந்திருக்கிற படலம், நாங்க ப்ளேக்னு சொல்லுவோம். அது ஏதோ தண்ணில மிதக்கிற கிருமின்னு நினைக்காதீங்க, பாத்திரத்துல வழுவழுன்னு ஒட்டுமே அந்த மாதிரி, பசை போட்டு ஒட்டிட்டு கூட்டமா வாழுது. அந்தப் பசைய தாண்டி உள்ள போறது எந்த மவுத்வாஷுக்கும் கஷ்டம், மூலிகைக்கும்தான். கழனித் தண்ணிய ஊத்தினா மட்டும் பாத்திரத்து வழுவழுப்பு போயிடுமா, தேய்க்கணும்ல.

இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல. 1965ல ஹரால்ட் லோ என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. ஈறு நல்லா இருந்த 12 பேரை பல்லே தேய்க்காதீங்கன்னு சொல்லி விட்டுட்டாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஏறக்குறைய ஒரு வாரத்துல பழையபடி ஆயிடுச்சு. மருந்தே இல்லாம! உங்களுக்கு நடக்கிறதும் அந்த சோதனையோட முதல் பாதிதான், ரெண்டு எடத்துல மட்டும்.

அப்போ மூலிகை வேஸ்டான்னா அப்படியும் சொல்லமாட்டேன். திரிபலாவ க்ளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிக்கொல்லி மவுத்வாஷோட ஒப்பிட்டு சின்னச் சின்ன ஆய்வுகள் வந்திருக்கு, கிட்டத்தட்ட சமமாவே வேலை செஞ்சுதுன்னு சிலதுல வந்துச்சு. ஆனா அதுல கலந்துக்கிட்டவங்க பெரும்பாலும் பல்லு தேய்ச்சுட்டேதான் கொப்புளிச்சாங்க, அத யாரும் எடுத்துச் சொல்றதில்ல. க்ரீன் டீல இருக்கிற கேட்டச்சின், வேப்பிலை, கற்றாழை இதுக்கெல்லாமும் ஓரளவு நல்ல பலன்தான் தெரியுது. எல்லாமே ப்ரஷுக்குத் துணை. ப்ரஷுக்குப் பதிலா இல்ல.

கெமிக்கல்னு எல்லாரும் பயப்படுற க்ளோர்ஹெக்ஸிடின் கூட அப்படித்தான். காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017ல வெளியிட்ட மதிப்பாய்வு இருக்கு, நிறைய ஆய்வுகள சேர்த்துப் பார்த்தது. படலம் நல்லாவே குறையுது, ஆனா லேசான ஈறு வீக்கத்துல 0ல இருந்து 3 வரைக்கும் போற அளவுகோல்ல வெறும் 0.21தான் இறங்கியிருக்கு, அதுவும் பல்லு தேய்க்கிறதோட சேர்த்து. நாங்க கையில வச்சிருக்கிறதுலயே பலமான மவுத்வாஷ் அது. அதுக்கே இவ்ளோதான்னா கஷாயத்துகிட்ட எவ்ளோ எதிர்பார்க்கலாம்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு, அந்த கீழ் முன்பல்லு உள்பக்கம். எச்சில் சுரப்பி வாய் திறக்கிறது அங்கதான், அதனால எல்லாருக்கும் முதல்ல கல்லு கட்டுற எடமும் அதுதான். படலத்த எடுக்காம விட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே எச்சில்ல இருக்கிற கால்சியம் சேர்ந்து கெட்டியாக ஆரம்பிச்சிடும். அப்படி கல்லாகிட்டா ப்ரஷுக்கும் வராது கஷாயத்துக்கும் கரையாது. எலுமிச்சை, வினிகர்னு எதையாவது வச்சு கரைக்கப் போகாதீங்க, கல்லுக்கு முன்னாடி பல்லு எனாமல்தான் கரையும். ஸ்கேலிங், அதாவது நீங்க கேட்ட அந்த க்ளீனிங், அது ஒண்ணுதான் வழி.

பல்லு ஆடுறதப் பத்தி: ஸ்கேலிங் பல்ல ஆட்டாது. எலும்பு ஏற்கனவே கரைஞ்சுபோன பல்ல சுத்தி கல்லு முட்டுக்கொடுத்து நிக்கும், கல்ல எடுத்ததும் உள்ள ஆட்டம் வெளிய தெரியும். பழி ஸ்கேலிங் மேல.

இன்னைக்கு ராத்திரியில இருந்து, சாஃப்ட் ப்ரஷ், விளிம்புல 45 டிகிரி சாய்ச்சு வச்சு சின்னச் சின்னதா அசைக்கணும், ரெண்டு நிமிஷம், ரத்தம் வர்ற எடத்துல இன்னும் பொறுமையா. ரத்தம் வரும், வரட்டும். பல்லு இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல், இல்லன்னா இன்டர்டென்டல் ப்ரஷ்னு இடுக்குக்குன்னே வர்ற குட்டி ப்ரஷ். ஒரு வாரம் பத்து நாள்ல தானா குறையணும், ரெண்டு வாரம் தாண்டியும் வந்தா வேற எதுவும் யோசிக்காம போய் காட்டுங்க. உங்க விஷயத்துல கல்லு இருக்கும்னு எனக்கு கிட்டத்தட்ட தெரியும், அதனால நேரா போய் காட்டினாலே நல்லது.

அரைத்தூக்கம்:
அய்யோ. எழுதும்போது எனக்கே உறைக்கல. மூணு வாரமா வியாதிய வளர்த்துட்டு கஷாயத்துக்கு நன்றி சொல்லிட்டு இருந்திருக்கேன். நேத்து ராத்திரி நீங்க சொன்ன மாதிரி ப்ரஷ் வச்சேன், வாஷ்பேசின் சிவப்பாயிடுச்சு, பயந்துட்டேன், ஆனா விடல.

கஷாயத்த மொத்தமா நிறுத்தணுமா, தொடரலாமா? எரிச்சல் இல்லாம வாய் ஃப்ரெஷ்ஷா இருக்கிற மாதிரி இருந்துச்சு.

மூலிகைப்பித்தன்:
மேடம் சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். ஆனா எதுக்கெடுத்தாலும் ஆய்வு ஆய்வுன்னு சொன்னா எப்படி, மூலிகைக்கு ஆய்வு பண்ண யார் காசு போடுறாங்க? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க பெரியவங்க?

பல்லுக்காரி:
@மூலிகைப்பித்தன் காசு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான், நிறைய மூலிகை ஆய்வு சின்னதாவும் கொஞ்ச நாளுக்கு மட்டுமாவும் இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா ஆலும் வேலும்னு சொன்னது குச்சிய சார்! மென்னு நார் நாராக்கி தேய்க்கிறதுக்கு. கொதிக்க வச்சு கொப்புளிக்கச் சொல்லல. பழமொழி என் பக்கம்தான் நிக்குது :)

அப்புறம் கெமிக்கல் மூலிகைன்னு நடுவுல கோடு போட்டு பிரிக்கிறதுதான் எனக்கு புரியவே மாட்டேங்குது. 1879ல வந்த லிஸ்டரின் மவுத்வாஷ்ல இருக்கிற தைமால் எதுல இருக்குன்னு நினைக்கிறீங்க, ஓமத்துல இருக்கு. கூட யூகலிப்டால், மென்தால் எல்லாம் செடி எண்ணெய்ல இருந்து தெரிஞ்சுக்கிட்டதுதான். ஒவ்வொரு பாட்டில்லயும் அளவு ஒண்ணா இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். நம்ம கஷாயத்துல இன்னைக்கு ஒரு அளவு நாளைக்கு ஒரு அளவு.

@அரைத்தூக்கம் தொடரலாம், ஆனா சில விஷயம். தினமும் புதுசா காய்ச்சுங்க. அதுல கெட்டுப்போகாம இருக்க எதுவும் சேர்க்கல, வெளிய வச்சா கிருமிக்கே அது சாப்பாடு. துணில வடிகட்டுங்க, டீ வடிகட்டில பொடி தங்கும், அந்த நறநறப்பு வீங்கின ஈற போய் உரசும். ஆறி வெதுவெதுப்பானதும் வாயில ஊத்தி அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் பல்லு இடுக்குல போய் வர்ற மாதிரி அலசித் துப்புங்க, முழுங்க வேணாம். எப்பவும் ப்ரஷ் பண்ணதுக்கு அப்புறம்தான். பேஸ்ட்ல ஃப்ளூரைடு இருந்தா உடனே கொப்புளிச்சு அதக் கழுவி விட்டுடாதீங்க, அரை மணி கழிச்சு பண்ணுங்க. டானின் மாசக்கணக்கா பட்டா பல்லுல பழுப்பு கறை ஏறலாம், அதுக்காக கவலைப்படாதீங்க, க்ளீனிங்ல போயிடும்.

எதுவும் ஒத்துக்கலன்னா வெறும் உப்புத் தண்ணி போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன். ஸ்கேலிங் பண்ணி புண்ணா இருக்கும்போது நான் சொல்றதே அதுதான், எல்லாரும் முகத்த ஒரு மாதிரி வச்சுப்பாங்க, இதுக்குத்தான் வந்தோமான்னு.

யாராவது டாக்டர் சொல்லி க்ளோர்ஹெக்ஸிடின் யூஸ் பண்ணா, 0.2%ன்னா 10 மி.லி., 0.12%ன்னா 15 மி.லி., ரெண்டு வேளை, சாதாரணமா ரெண்டு வாரம். பேஸ்ட் போட்டு உடனே பண்ணாதீங்க, பேஸ்ட்ல நுரைக்குப் போடுற பொருள் அதோட வேலையக் கெடுத்துடும். நீங்களா மாசக்கணக்கா ஓட்டினா பல்லு நாக்கு எல்லாம் பழுப்பாகும், நாக்குல ருசியும் மாறிப்போகும்.

நடுவுல_ஒரு_கேள்வி:
மன்னிக்கணும், நடுவுல புகுந்துட்டேன். எங்க அப்பாவுக்கும் ஈறு வீக்கம், ஆனா இது மாதிரி இல்ல. ரத்தம் அவ்வளவா இல்ல, ஈறு தடிச்சு பல்லு மேல வளர்ந்து ஏறுது, முன்பல்லுல பாதி மூடிடுச்சு. வேப்பிலை, உப்பு, படிகாரம்னு ஆறு மாசமா கொப்புளிக்கிறாரு, ஒரு மாத்தமும் இல்ல. பிரஷர் மாத்திரை போடுறாரு, சுகர் கிடையாது.

பல்லுக்காரி:
@நடுவுல_ஒரு_கேள்வி நல்லவேளை கேட்டீங்க. மாத்திரை அட்டைய எடுத்துப் பாருங்க, அம்லோடிபின் இல்லன்னா நிஃபெடிபின்னு போட்டிருக்கா? இந்த வகை பிரஷர் மாத்திரைல சிலருக்கு ஈறு இப்படி வளரும். வலிப்புக்கு தர்ற ஃபெனிட்டாயின், சிறுநீரகம் மாத்தினவங்களுக்கு தர்ற சைக்ளோஸ்போரின், இதுலயும் வரும். இதுக்கு உலகத்துல இருக்கிற எந்த இலையக் கொதிக்க வச்சாலும் வத்தாது. ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, ஒரு நாள் கூட!! எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட ஈறக் காட்டிக் கேளுங்க, வேற வகைக்கு மாத்த முடியுமான்னு அவர்தான் முடிவு பண்ணணும். கூடவே பல் டாக்டரையும் பாருங்க, ஈறுக்கு அடில சுத்தமா இருந்தா வளர்ச்சியும் குறைவா இருக்கும், ரொம்ப ஏறியிருந்தா அளவா வெட்டி விடுவோம்.

இதே மாதிரி கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஹார்மோன் மாறுறதால ஈறு சுலபமா வீங்கும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கும் ஈறு கெடும், ஈறு கெட்டா சுகரும் அடங்க மாட்டேங்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். சிகரெட் பிடிக்கிறவங்க நிலைமைதான் இருக்கறதுலயே மோசம், அவங்களுக்கு ரத்தம் அவ்வளவா வராது, புகை ரத்தக்கசிவ அமுக்கிடும், எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுட்டே இருப்பாங்க, பல்லு ஆடும்போதுதான் வருவாங்க.

நடுவுல_ஒரு_கேள்வி:
பார்த்துட்டேன். அம்லோடிபின்தான். ஆறு மாசமா நான்தான் அவருக்கு வேப்பிலை பறிச்சுக் கொடுத்தேன். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன், ரொம்ப நன்றிக்கா.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் அப்டேட், கிட்டத்தட்ட மூணு வாரம் கழிச்சு. போய்ட்டு வந்துட்டேன். மெல்லிசா ஒரு அளவுக்கம்பிய ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு, அந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம்னு ஒவ்வொரு பல்லா அளந்து நம்பர் சொல்லிட்டே போனாங்க, பரீட்சை மார்க் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. முன்பல்லுல எல்லாம் 2, 3 மில்லிமீட்டர். வலது கடவாப்பல்லுல மட்டும் 5. அங்க எக்ஸ்ரே எடுத்து, எலும்பு லேசா இறங்கியிருக்கு, போனது திரும்ப தானா வளராது, ஆனா இதோட நிறுத்திக்கலாம்னு சொன்னாங்க. கொப்புளிக்கிற தண்ணி 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ள போகுமான்னு கேட்டேன், மேல எட்டிப் பார்த்துட்டு வந்துடும்னாங்க. அங்க மட்டும் மரக்க வச்சு ஆழமா க்ளீன் பண்ணாங்க. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப அளக்கணுமாம்.

கீழ் முன்பல்லுல இருந்து வந்த கல்ல ட்ரேல காட்டினாங்க. மஞ்சளா, பொடிப்பொடியா. என் வாயிலயா இருந்துச்சுன்னு இருந்துச்சு.

உப்பல் நல்லாவே இறங்கிடுச்சு, ரத்தம் இல்ல, இந்தவாட்டி அந்த எடத்த நல்லா தேய்ச்சுமே இல்ல :) காலைல நாத்தமும் போயிடுச்சு. ஆனா இப்போ கீழ முன்பல்லுக்கு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு, நாக்கு போய் போய் அங்கயே நிக்குது, ஜில்லுன்னு எது பட்டாலும் கூசுது. இது ஸ்கேலிங்னால வந்த பிரச்சனைதானே? வீட்ல எல்லாரும் அதான் சொல்றாங்க, நான் அப்பவே சொன்னேன்னு.

பல்லுக்காரி:
ஓட்டை விழல, அந்த எடத்துல இருந்த கல்லும் வீங்கின ஈறும் காலி பண்ணிட்டுப் போயிருக்கு. வீக்கம் வடிஞ்சா ஈறு கொஞ்சம் கீழ இறங்கித்தான் நிக்கும், அதுதான் அதோட உண்மையான உயரம். கூச்சம், இவ்ளோ நாள் மூடிக்கிடந்த வேர்ப்பகுதி வெளிய வந்ததால. சில வாரத்துல குறையும், பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற கூச்சத்துக்கான பேஸ்ட் யூஸ் பண்ணுங்க, ஆனா ஒரே நாள்ல கேட்காது. அந்த இடைவெளிக்குப் பொருத்தமான சைஸ் இன்டர்டென்டல் ப்ரஷ் எதுன்னு அடுத்தவாட்டி போகும்போது கேட்டு வாங்கிக்குங்க. இறுக்கமா திணிக்கவும் கூடாது, தொளதொளன்னு போய் வரவும் கூடாது.

மூலிகைப்பித்தன்:
நல்ல செய்தி நண்பா. என் கிராம்பு எண்ணெய் யோசனைய மறந்துடுங்க, பூனை சொன்னதப் படிச்சப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, நான் அத ஒருநாளும் பண்ணிப் பார்த்ததில்ல, கேள்விப்பட்டத எழுதிட்டேன். கஷாயத்த விட்டுட்டீங்களா?

அரைத்தூக்கம்:
விடல சார். ராத்திரி ஒரு வேளை மட்டும், ப்ரஷ் பண்ணி அரை மணி கழிச்சு. பாதி நாள் அந்த அரை மணிக்குள்ள தூங்கிடுறேன்.